திரும்பி வரும் விண்கலங்களின் வடுக்கள்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் புறப்படும் இந்திய ரொக்கெட்டுகள் நேர் தெற்கே பறப்பதில்லை. வழியில் இலங்கை கிடக்கிறது. எரிந்து முடிந்த பாகங்கள் கழன்று விழும்போது வவுனியாவிலோ பதுளையிலோ ஒரு கூரையின்மேல் விழுந்துவிடக் கூடாது. அதனால் ரொக்கெட் முதலில் தென்கிழக்கே போய், தீவை விலக்கிக்கொண்டு, பிறகுதான் தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகிறது. சிறிய ரொக்கெட்டுகளுக்கு அது தாங்க முடியாத செலவு. தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியதற்கு முதன்மையான காரணம் இதுதான். அங்கிருந்து தெற்கே வெறும் கடல்.

விண்வெளிப் பயணத்தோடு இலங்கைத் தீவுக்கு இருக்கும் மிக நெருங்கிய தொடர்பு, கழித்துவிடப்படும் பாகங்களின் வழியில் நாம் இருக்கிறோம் என்பது. 1957இல் ஸ்புட்னிக் போனதிலிருந்து இந்தத் துறை கழித்து எறிந்தே வளர்ந்தது. ஒருமுறை பறந்த ரொக்கெட் கடலில் விழும் அல்லது காற்றில் எரியும். மனிதரை ஏற்றிச் சென்ற கலமும், ஆளை இறக்கிவிட்ட பிறகு நூதனசாலைக்குப் போகும். 1984 ஏப்ரலில் இந்திய விண்வெளி வீரர் ராகேஷ் சர்மா ஏறிய சோவியத் சோயுஸ் கலம் அப்படிப்பட்டதுதான். இன்றைக்கும் ஒவ்வொரு சோயுஸும் ஒரே ஒரு பயணத்துக்குத்தான். போன கலத்தையே மறுபடி அனுப்பினால் என்ன என்ற கேள்வி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. அதற்குக் கிடைத்த விடைகளை ஒரு முறை முழுமையாகப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

பொதுவாக இந்தக் கேள்வி பணக் கணக்காகவே பேசப்படுகிறது: கலம் திரும்பினால் செலவு குறையும். அதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை அதில் இல்லை என்பதே என் முடிவு. திரும்பி வரும் கலம் தான் பட்ட பாட்டைத் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு வருகிறது. எங்கே கருகியது, எங்கே தேய்ந்தது, எந்த இணைப்பில் புகை கசிந்தது என்பதெல்லாம் அதில் வடுவாக இருக்கும். அந்த வடுவைக் கண்டு வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும். வாசித்தவர் 'இன்றைக்கு வேண்டாம்' என்றால் அதைக் கேட்கும் நிர்வாகமும் வேண்டும். இந்த இரண்டும் இருந்த இடத்தில் மீள்பயன்பாடு வென்றது. இரண்டாவது இல்லாத இடத்தில் 14 பேர் செத்தார்கள்.

இலங்கையின் ஊவா மாகாணத்தில் இயந்திரங்களோடு வாழ்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னவில் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலை ஸ்டோர் இன்றும் வேலை செய்கிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும் ஊவாப் பருவத்தில், தேயிலை நல்ல விலைக்குப் போகும் நாட்களில், ரோலர் நிற்பதை எந்தத் துரையும் விரும்புவதில்லை. ஆனால் பெயாரிங் சத்தம் மாறியிருக்கிறது என்று முதலில் சொல்பவர் துரை அல்ல, பக்கத்தில் நிற்கும் தொழிலாளி. அவர் சொல்லி, பாஸ் வந்து காது கொடுத்து, டீமேக்கர் சம்மதித்து, இயந்திரம் நின்றால் அது இன்னும் இருபது ஆண்டு ஓடும். பழைய இரும்பின் ஆயுள் அந்தச் சொல் எவ்வளவு தூரம் மேலே போகிறது என்பதில் இருக்கிறது. விண்கலத்தின் கதையும் இதே இடத்தில்தான் திரும்புகிறது.

முதலில் திரும்பிப் பறந்தது எது? பலரும் அமெரிக்க விண்ணோடத்தைச் சொல்வார்கள். அதற்கு முன்பே எக்ஸ்-15 இருந்தது. பெரிய விமானத்தின் சிறகுக்கடியில் தொங்கிப் போய், வானில் விடுபட்டு, தன் ரொக்கெட் எஞ்சினால் மேலேறி, ஓடுபாதையில் வந்து இறங்கும் கலம் அது. மூன்றே மூன்று கலங்கள், 1959 முதல் 1968 வரை 199 பயணங்கள். 1963 ஜூலையிலும் ஓகஸ்டிலும் ஜோ வோக்கர் அதில் 100 கிலோமீற்றருக்கு மேலே போனார், இரண்டு தடவையும் ஒரே கலத்தில். 100 கிலோமீற்றரை விண்வெளியின் எல்லையாகக் கொண்டால், மனிதரோடு இரண்டாம் முறை விண்வெளிக்குப் போன முதல் கலம் அதுவே. நான்கு ஆண்டுகள் கழித்து அதே கலம் சிதறி மைக்கேல் அடம்ஸ் இறந்தார். ஆளில்லாமல் இரண்டு முறை பறந்த கூண்டும் ஒன்று உண்டு: 1965 ஜனவரியில் சோதனைக்காகப் பறந்த ஜெமினி-2, 1966 நவம்பரில் மீண்டும் ஏவப்பட்டது. ஆனால் இவை எதுவும் மனிதரோடு பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பி மறுபடி புறப்பட்ட கலம் அல்ல.

சுற்றுப்பாதை வேறு உலகம். அங்கே மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கலம் தரையிறங்க வேண்டுமானால், அந்த வேகம் முழுவதையும் காற்றில் உரசி வெப்பமாகக் கழித்தாக வேண்டும். பழைய கூண்டுகள் இதற்கு எளிய வழி வைத்திருந்தன. அடியில் பூசிய கவசம் மெல்ல மெல்ல எரிந்து உதிரும். வெப்பம் அதோடு போய்விடும். எரிந்து தீர்ந்த கவசத்தை மறுமுறை பயன்படுத்த முடியாது. ஆகவே மீண்டும் பறக்க வேண்டிய கலத்துக்கு எரியாத தோல் தேவைப்பட்டது.

1972 ஜனவரி 5 அன்று அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் அனுமதித்த விண்ணோடத் திட்டம் அந்தத் தோலை ஓடுகளால் செய்தது. தூய சிலிக்கா இழைகளால் ஆன, பெரும்பகுதி காற்றே நிறைந்த, பஞ்சுபோல எடையற்ற ஓடுகள். உலையில் செந்தணலாகக் காய்ச்சி எடுத்த ஓட்டின் மூலையை வெறுங்கையால் பிடிக்கலாம். அவ்வளவு மெதுவாகத்தான் அது வெப்பத்தை விடும். ஒவ்வொரு ஓடத்திலும் சுமார் 24,000 ஓடுகள். ஒன்றின் வடிவம் இன்னொன்றுக்கு வராது. ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி இடம், தனிப் பதிவேடு. அலுமினிய உடல் வெப்பத்தில் விரிந்து சுருங்கும்போது ஓடு நொறுங்காமலிருக்க, நடுவில் ஒரு கம்பளித்துணி போன்ற பட்டையை வைத்துப் பசையால் ஒட்டினார்கள். மூக்கும் சிறகின் முன்விளிம்பும் 1,600 பாகை செல்சியசைத் தாண்டும் இடங்கள். அங்கே ஓடு தாக்குப்பிடிக்காது என்பதால் கரியிழையால் வலுவூட்டிய கரித் தகடுகளைப் பதித்தார்கள். வெப்பம் குறைவான பகுதிகளுக்கு மெத்தை போன்ற காப்புப் போர்வைகள். அவற்றைக் கென்னடி விண்வெளி நிலையத்தில் பெண்கள் தையல் இயந்திரத்திலும் கையாலும் தைத்தார்கள். விண்ணோடத்தின் வரலாற்றில் விமானிகளின் பெயர்கள் இருக்கும் அளவுக்கு அந்தத் தையற்காரிகளின் பெயர்கள் இல்லாதது எனக்கு மனத்தாங்கல்.

1981 ஏப்ரல் 12 அன்று ஜோன் யங், ரொபர்ட் கிரிப்பன் இருவரோடும் கொலம்பியா என்ற ஓடம் முதல் முறை புறப்பட்டது. காகாரின் பறந்து சரியாக இருபது ஆண்டுகள். அதே கொலம்பியா அதே ஆண்டு நவம்பர் 12 அன்று மறுபடி பறந்தபோதுதான், மனிதரோடு சுற்றுப்பாதைக்குப் போய்த் திரும்பிய ஒரு கலம் இரண்டாம் முறையும் போனது. அன்று இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகப் பலரும் நம்பினார்கள்.

வாக்குறுதி என்னவாக இருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். தரையிறங்கிய கலம் இரண்டு வாரத்தில் மறுபடி புறப்படும். ஆண்டுக்கு ஐம்பது பயணம் போலப் போகும். ஒரு பயணத்துக்கு அன்றைய மதிப்பில் சுமார் 10 மில்லியன் டொலர்தான் செலவாகும் என்றார்கள். நடந்தது வேறு. ஒரு பயணம் முடிந்து அதே கலம் அடுத்ததற்குப் புறப்பட்ட மிகக் குறுகிய இடைவெளி 54 நாட்கள். 1985இல் அட்லாண்டிஸ் என்ற ஓடம் அதைச் செய்தது. கீழே சொல்லப்போகும் 1986 சலஞ்சர் விபத்துக்குப் பிறகு மிகக் குறுகியது 88 நாட்கள். ஓர் ஆண்டில் பறந்த அதிகபட்ச எண்ணிக்கை 9. திட்டத்தின் ஒட்டுமொத்தச் செலவைப் பணவீக்கத்தோடு சேர்த்து 135 பயணங்களுக்குப் பகுத்தால், ஒன்றுக்கு ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலர் வருகிறது.

இந்த நாட்கள் எங்கே போயின? ஓடுகளில்தான் பாதிக் கதை. தரையிறங்கிய கலத்தின் ஒவ்வோர் ஓட்டையும் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, விரிசலும் சிராய்ப்பும் பதிந்தார்கள். பழுதானதைப் பிடுங்கி, அந்தக் குழிக்கே அளவெடுத்துப் புதிய ஓடு செய்தார்கள். ஓட்டில் மழைநீர் இறங்காமலிருக்க ஊட்டப்படும் இரசாயனம் ஒவ்வொரு பயணத்தின் வெப்பத்திலும் எரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஊசி போடுவதுபோல ஓடு ஓடாக மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. கலத்தின் சிறு உந்துபொறிகளில் இருந்த எரிபொருள் கொடிய நஞ்சு. அதைத் தொடும் வேலை நடக்கும்போது காப்புடை அணிந்த சிலரைத் தவிர மற்ற எல்லோரும் கொட்டகையை விட்டு வெளியேற வேண்டும். மற்ற வேலைகளெல்லாம் அத்தனை மணிநேரம் நிற்கும். முதன்மை எஞ்சின்கள் மூன்றையும் கழற்றிப் பரிசோதித்தார்கள். செம்மஞ்சள் நிறப் பெரிய எரிபொருள் தாங்கி மட்டும் ஒவ்வொரு முறையும் கழித்துவிடப்பட்டது. பக்கத்தில் கட்டிய இரண்டு திண்ம எரிபொருள் உந்திகள் பரசூட்டில் அத்திலாந்திக்கில் விழும். கப்பல்கள் அவற்றை இழுத்துவரும், பிரிப்பார்கள், கழுவுவார்கள், மீண்டும் நிரப்புவார்கள்.

அந்த உந்திகள்தான் முதல் எச்சரிக்கையைக் கொண்டுவந்தன. துண்டுகளாகச் செய்து பொருத்தப்பட்ட அந்த உந்திகளின் மூட்டுகளில், உள்ளே எரியும் வாயு வெளியேறாமல் தடுக்க இறப்பர் வளையங்கள் இருந்தன. 1981 நவம்பரில், கலம் இரண்டாம் முறை பறந்து பெயர் வாங்கிய அதே பயணத்தில், மீட்டெடுத்த உந்தியைப் பிரித்தபோது ஒரு வளையம் வாயுவால் அரிக்கப்பட்டிருந்தது. கடலில் கழித்துவிடப்படும் உந்தியாக இருந்திருந்தால் அந்த அரிப்பை யாரும் கண்டிருக்கவே முடியாது. மீள்பயன்பாடு தரும் மிகப் பெரிய வரம் இது என்று நினைக்கிறேன்: பணத்தைவிட முன்னால் அது சான்றைக் கொண்டுவருகிறது. 1985 ஜனவரியில், குளிர் கூடிய ஒரு நாளில் ஏவிய உந்திகளில் வாயு முதல் வளையத்தைத் தாண்டிக் கரி படிந்திருந்தது. குளிரில் இறப்பர் விறைத்து, இடைவெளியை நிரப்பும் வேகத்தை இழக்கிறது என்று பொறியியலாளர்கள் கணித்தார்கள். உந்திகளைச் செய்த தயோகோல் நிறுவனத்தின் ரொஜர் பொய்ஜோலி அதே ஆண்டு ஜூலையில் தன் மேலிடத்துக்கு எழுத்திலேயே எச்சரித்தார்.

1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் காலை கடும் குளிர் இருக்கும் என்று தெரிந்ததும், தயோகோலின் பொறியியலாளர்கள் தொலைபேசி மாநாட்டில் ஏவ வேண்டாம் என்றார்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் அதிகாரிகள் அதை ஏற்க மறுத்தார்கள். நிறுவனத்தின் மேலாளர்கள் தனியே கூடிப் பேசி, தங்கள் பொறியியலாளர்களின் சொல்லை மாற்றி, சம்மதம் தெரிவித்தார்கள். ஏவுதளத்தில் நிறுவனத்தின் பிரதிநிதியாக இருந்த அலன் மெக்டொனால்ட் சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட மறுத்தார். வேறொருவர் யூட்டாவிலிருந்து கையொப்பமிட்டு அனுப்பினார். மறுநாள் காலை சலஞ்சர் 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த இறப்பரில் ஒரு துண்டைப் பனிநீரில் அமிழ்த்திக் காட்டினார். விபத்துக்கான வாய்ப்பு ஒரு இலட்சத்தில் ஒன்று என்று நிர்வாகமும், நூற்றில் ஒன்று என்று பொறியியலாளர்களும் கணித்து வைத்திருந்ததை அவர் எழுதிவைத்த பின்னிணைப்பு, இந்தத் துறையில் யார் நுழைந்தாலும் முதலில் படிக்க வேண்டியது.

இத்தனைக்கும் பிறகு அதே தவறு வேறு இடத்தில் திரும்பியது. பெரிய எரிபொருள் தாங்கியின் மேல் பூசிய நுரைக் காப்பு ஏவும்போது பிய்ந்து விழுவதும், ஓடுகளில் அடிப்பதும் தொடக்கத்திலிருந்தே நடந்தன. 1988 டிசம்பரில் அட்லாண்டிஸ் 700க்கு மேற்பட்ட ஓடுகளில் அடிபட்டு, ஒன்றை இழந்து, தரையிறங்கியது. அன்று தாங்கியின் நுரை அல்ல, உந்தியின் மூக்கிலிருந்து காப்புத் துண்டு பிய்ந்து விழுந்ததே காரணம். ஒவ்வொரு முறையும் கலம் பிழைத்து வந்ததால், வடு எச்சரிக்கையாக இருந்த நிலை மாறி, வழக்கமான பராமரிப்புச் செலவாகக் கணக்கில் ஏறியது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா தன் 28ஆவது பயணத்துக்குப் புறப்பட்ட 82ஆவது விநாடியில், முக்கால் கிலோ அளவு நுரைத்துண்டு இடது சிறகின் முன்விளிம்பில் மோதியது. கலம் மேலே இருந்த 16 நாட்களில், உளவுச் செயற்கைக்கோள்களால் சிறகைப் படமெடுத்துத் தரும்படி பொறியியலாளர்கள் கேட்டார்கள். நிர்வாகம் மறுத்துவிட்டது. பெப்ரவரி 1 அன்று, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் டெக்சாசின் வானில் இறந்தார்கள். அந்த ஜூலையில் அதே அளவு நுரைத்துண்டை அதே வகைத் தகட்டின் மேல் பீரங்கியால் ஏவிச் சோதித்தபோது, ஒரு மனிதன் தலை நுழையும் ஓட்டை விழுந்தது. விசாரணை அறிக்கை நுரையை மட்டும் குற்றம் சொல்லவில்லை. நாசாவின் பழக்கவழக்கத்தையும் அதே எடையில் குற்றம் சொன்னது.

பிறகு திருந்தினார்கள். 2005 ஜூலையில் டிஸ்கவரி என்ற ஓடம் மேலே போனபோது, விண்வெளி நிலையத்தை நெருங்கிய கலம் மெதுவாகக் குட்டிக்கரணம் போட்டு வயிற்றைக் காட்ட, நிலையத்தில் இருந்தவர்கள் ஓடு ஓடாகப் படமெடுத்தார்கள். ஓடுகளுக்கு நடுவே இரண்டு இடைநிரப்பிப் பட்டைகள் துருத்திக்கொண்டிருந்தன. ஸ்டீபன் ரொபின்சன் வெளியே போய், கையாலேயே இழுத்து எடுத்தார். 2011 ஜூலை 21 அன்று அட்லாண்டிஸ் கடைசியாகத் தரையிறங்கும்வரை இந்தச் சோதனை தொடர்ந்தது. 135 பயணங்களில் இரண்டு கலங்கள் போயின. ஃபைன்மன் கேட்ட பொறியியலாளர்களின் கணிப்பே சரியாக இருந்தது.

சோவியத் ஒன்றியத்தின் பதிலாக வந்த புரான், 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் பூமியை இரண்டு முறை சுற்றித் தானாகவே ஓடுபாதையில் இறங்கியது. அற்புதமான பொறியியல்; பணமில்லாமல் அதோடு நின்றது. 2002 மே மாதத்தில் பைக்கனூரில் அது நின்ற கொட்டகையின் கூரை இடிந்து, கூரையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த எட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள், கலமும் அழிந்தது. 2004இல் ஸ்பேஸ்ஷிப்வன் ஒரே வாரத்துக்குள் இரண்டு முறை 100 கிலோமீற்றரைத் தாண்டிப் பரிசு வென்றது. அதன் வழிவந்தவையும், அமேசன் நிறுவனரின் நியூ ஷெப்பர்டும் பல பயணிகளை மேலே ஏற்றி இறக்கியிருக்கின்றன. சில நிமிடப் பயணங்கள் அவை. சுற்றுப்பாதையின் வெப்பத்தை அவை சந்திப்பதில்லை என்பதால் நம் கேள்விக்கு அதிகம் சொல்வதற்கும் அவற்றிடம் இல்லை.

இன்று உண்மையாகவே மனிதரோடு திரும்பத் திரும்பப் பறப்பது ஸ்பேஸ்எக்ஸின் குரூ டிராகன். சிறகை விட்டுவிட்டு, கூம்பு வடிவக் கூண்டுக்கே திரும்பிய கலம் அது. சிறகு இல்லாததால் காக்க வேண்டிய பரப்பு குறைவு. ஏவும்போது மேலே எதுவும் இல்லாததால் பிய்ந்து வந்து மோதவும் எதுவுமில்லை. ஆபத்தென்றால் கூண்டைப் பிய்த்துக்கொண்டு பறக்கும் எஞ்சின்கள் அதிலேயே உண்டு. விண்ணோடத்தில் அது இல்லாமலிருந்ததே அதன் பெருங்குறை. 2020 மே 30 அன்று இருவரோடு போன எண்டெவர் என்ற கூண்டு, 2021 ஏப்ரல் 23 அன்று நால்வரோடு மறுபடி புறப்பட்டது. முதல் பயணத்தில் பொப் பெஹன்கன் இருந்த இருக்கையில், இரண்டாவதில் அவர் மனைவி மேகன் மெக்காதர் இருந்தார். அதை ஏவிய ரொக்கெட்டின் கீழ்ப்பகுதியும் ஏற்கனவே பறந்ததுதான். கடலில் இறங்குவதால் உப்புநீர் உள்ளே புகுந்த இடமெல்லாம் பிரித்துப் பார்க்கிறார்கள். பரசூட்டுகளையும் வெப்பக் கவசத்தையும் மாற்றுகிறார்கள். பின்புறம் இணைந்த உருளையும் ரொக்கெட்டின் மேற்பகுதியும் இன்றும் கழித்துவிடப்படுகின்றன. தொடக்கத்தில் ஐந்து பயணங்களுக்கே அனுமதி இருந்தது. 2025 ஓகஸ்டில் எண்டெவர் ஆறாவது முறை போனது.

இந்தக் கூண்டின் பாதுகாப்பு ஒரு வெடிப்புக்குக் கடன்பட்டது. 2019 மார்ச்சில் ஆளில்லாமல் போய்த் திரும்பிய முதல் டிராகன், அடுத்த சோதனைக்குத் தயாராகும்போது ஏப்ரல் 20 அன்று தரையிலேயே வெடித்துச் சிதறியது. கசிந்த வால்வு வழியாகத் தவறான குழாய்க்குள் போன திரவம், அழுத்தம் கூடியதும் டைட்டேனிய வால்வில் மோதித் தீப்பிடித்ததைக் கண்டுபிடித்தார்கள். யாருக்கும் காயமில்லை. அந்த வால்வுகளை மாற்றிய பிறகே மனிதர் ஏறினார்கள்.

இதற்கு நேர் எதிரான பாடத்தை போயிங்கின் ஸ்டார்லைனர் தந்தது. 2024 ஜூன் 5 அன்று சுனிதா வில்லியம்சும் புட்ச் வில்மோரும் ஏறிய அந்தக் கூண்டு 2019இல் ஒரு முறை பறந்ததுதான். மேலே போகும்போது பழுதானது கூண்டு அல்ல. பின்னால் இணைந்த சேவைப் பகுதியின் உந்துபொறிகள் ஐந்து, நிலையத்தை நெருங்கும்போது நின்றுபோயின, ஹீலியமும் கசிந்தது. அந்தப் பகுதி திரும்பி வராத பகுதி. தரையிறங்கும் முன் அதைக் கழற்றிவிட, அது காற்றில் எரிந்துபோகும். அதாவது பழுதுபட்ட பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கவே முடியாது. தரையில் அதேபோன்ற உந்துபொறியைச் சோதித்து ஊகிக்க மட்டுமே முடிந்தது. இந்த முறை நாசா, ஐயம் தீராதவரை ஆளை ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்தது. கூண்டு செப்டெம்பரில் காலியாக இறங்கியது. இருவரும் 2025 மார்ச் 18 அன்று டிராகனில் வந்தார்கள். ஒன்பது மாதம் 'சிக்கிக்கொண்டார்கள்' என்று ஊடகங்கள் எழுதின. என் பார்வையில், சலஞ்சருக்கும் கொலம்பியாவுக்கும் பிறகு நாசா எடுத்த மிகச் சரியான முடிவு அது.

இனி நம் அயலுக்கு வருவோம். இந்தியா திரும்பி வருவதைப் படிப்படியாகக் கற்றது. 2007 ஜனவரி 10 அன்று ஏவிய 550 கிலோ எடையுள்ள சிறு கூண்டொன்று 12 நாட்கள் சுற்றிவிட்டு வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது. 2014 டிசம்பர் 18 அன்று மனிதர் ஏறும் அளவிலான கூண்டு 126 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அந்தமான் பக்கம் இறங்கியது. சிறகுள்ள கலத்தின் முறை 2016 மே 23 அன்று வந்தது. ஆறரை மீற்றர் நீளம், 1.75 தொன் எடையுள்ள ஆர்.எல்.வி.-டி.டி. 65 கிலோமீற்றர் உயரத்துக்குப் போய், ஒலியின் ஐந்து மடங்கு வேகத்தில் திரும்பி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 450 கிலோமீற்றரில் கடலைத் தொட்டது. அதை மீட்கும் திட்டமே இருக்கவில்லை. அதன் ஓடுகள் எப்படிக் கருகின என்பதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு கடலோடு போனது எனக்கு இன்றும் இழப்பாகவே படுகிறது.

அடுத்த கட்டத்தை ஓடுபாதையில் வைத்தார்கள். கர்நாடகத்தின் சித்ரதுர்கா சோதனைத் திடலில், விமானப்படையின் சினூக் ஹெலிகொப்டர் கலத்தை நாலரை கிலோமீற்றர் உயரத்துக்குத் தூக்கிப்போய் விட்டுவிட, அது தானாகவே வழி கண்டு இறங்க வேண்டும். 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச் 22, 2024 ஜூன் 23 ஆகிய மூன்று நாட்களிலும் அது இறங்கியது. மூன்றாவதில் கலத்தை ஓடுபாதைக்கு நேராக விடவில்லை. 500 மீற்றர் ஒதுக்கி, பலத்த காற்றில் விட்டார்கள். சிறகு தரும் தூக்குவிசை குறைவென்பதால் மணிக்கு 320 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொட்டது. பயணிகள் விமானம் தொடுவது சுமார் 260இல். பரசூட் விரிந்து வேகத்தை 100க்குக் குறைத்த பிறகே சக்கரத் தடையைப் போட்டார்கள். இந்த வெற்றியில் என்னைக் கவர்ந்தது ஒரு சிறு செய்தி: இரண்டாவதில் இறங்கிய அதே உடலும் அதே கருவிகளும், எந்த மாற்றமுமின்றி மூன்றாவதில் பறந்தன. அந்தச் சோதனையின் திட்ட இயக்குநர் ஜே. முத்துப்பாண்டியன்.

நம் பாட்டன் பூட்டன்மார் பலர் கப்பலேறிய திருநெல்வேலிச் சீமையில், மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் எஞ்சின் சோதனை மையம் இருக்கிறது. 2025 ஜனவரி 17 அன்று அங்கே விகாஸ் எஞ்சினை எரித்து, அணைத்து, மறுபடி எரியவைத்துக் காட்டினார்கள். ரொக்கெட்டின் கீழ்ப்பகுதியை நிதானமாகத் தரையிறக்க எஞ்சினை மீண்டும் கொளுத்த வேண்டும் என்பதால், இது மீள்பயன்பாட்டின் முதல் எழுத்து. 2024 செப்டெம்பரில் இந்திய அமைச்சரவை அனுமதித்த அடுத்த தலைமுறை ரொக்கெட்டின் முதற்பகுதி திரும்பி வரும்படியாகவே வடிவமைக்கப்படுகிறது. அப்படி ஒருநாள் நடந்தால், தென்கடலில் விழும் இரும்பு குறையும்.

மனிதரை ஏற்றும் இந்தியத் திட்டமான ககன்யான் வேறு வழியில் வருகிறது. சிறகில்லாத கூண்டு, கடலில் இறக்கம், கடற்படை மீட்பு. 2024 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நான்கு வீரர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 முதல் ஜூலை 15 வரை டிராகன் கூண்டிலேயே போய்த் திரும்பினார். திரும்பி வருவதன் ஒவ்வோர் அசைவையும் உடம்பால் அறிந்த ஒருவர் அந்த அணிக்குள் இருக்கிறார் என்பது சிறிய இலாபமல்ல. 2023 ஒக்டோபர் 21 அன்று தப்பிக்கும் பொறியைச் சோதித்தபோது கூண்டு சரியாகப் பிரிந்தது, பரசூட் விரிந்தது. கடலில் மட்டும் தலைகீழாக மிதந்தது. நிமிர்த்தும் பலூன்கள் அந்தக் கூண்டில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. ஆளிருக்கும் கூண்டு அப்படி மிதந்தால் என்னாகும் என்பதை அந்த ஒரு காட்சியே சொல்லியிருக்கும்.

இலங்கைக்கு இதில் இடமுண்டா? 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இங்கே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், ரொக்கெட்டே வேண்டாம், பூமியிலிருந்து விண்ணுக்கு ஒரு தூக்கி கட்டலாம் என்று 1979இல் நாவலே எழுதினார். கழித்து எறியும் ரொக்கெட்டின் மேல் அவருக்கிருந்த அதிருப்தியே அந்தக் கற்பனைக்கு அடி என்று நான் வாசிக்கிறேன். அவர் பெயரில் மொறட்டுவையில் நிறுவனம் இருக்கிறது. 2019 ஜூன் 17 அன்று விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட, ஒரு கிலோவுக்குச் சற்றே கூடிய இராவணா-1 நம் முதல் ஆய்வுச் செயற்கைக்கோள். ரொக்கெட் கட்டுவது நமக்கு எட்டாது. வடுவை வாசிப்பது எட்டும். வெல்டிங் இணைப்பை ஒலியலையாலும் எக்ஸ்-கதிராலும் பரிசோதிப்பது, கரியிழைத் தகட்டின் உள்விரிசலைக் காண்பது, வெப்பப் படத்தைப் படிப்பது ஆகியவை விண்வெளிக்கு மட்டும் உரிய தொழில்கள் அல்ல. விமானம், நீர்மின் நிலையம், எண்ணெய்க் குழாய் எல்லாவற்றுக்கும் வேண்டியவை. பதுளையில் 2005இலிருந்து ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. மாகாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. லயத்திலிருந்து பள்ளிக்கூடம் போய், கணிதத்தில் நின்றுபிடிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலைப் பாடமாகவும் சான்றிதழாகவும் தமிழில் எட்டும்படி செய்வது மாகாண சபையால் முடிகிற காரியம். ஸ்டோரில் பெயாரிங் சத்தம் கேட்டு வளர்ந்த வீட்டிலிருந்து வருபவருக்கு அதன் பாதி ஏற்கனவே தெரிந்திருக்கும்.

சித்ரதுர்காவில் இறங்கிய கலத்தைவிடப் பெரிதான ஒன்றை ஜி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டின் மாற்றிய வடிவில் சுற்றுப்பாதைக்கே அனுப்பி, அங்கிருந்து ஓடுபாதைக்கு இறக்குவது இஸ்ரோவின் அடுத்த திட்டம். சுற்றுப்பாதையின் முழு வெப்பத்தையும் பட்டுத் திரும்பும் முதல் இந்தியச் சிறகு அதுவாக இருக்கும். அது தரையில் நின்ற பிறகு வெளியிடப்பட வேண்டிய விவரங்கள் இவை: எத்தனை ஓடுகளை மாற்றினார்கள், எந்த இடங்களில் மாற்றினார்கள், மறுபடி தயாராக எத்தனை நாட்கள் ஆயின, பரிசோதித்தவர்களில் எவராவது கையொப்பமிட மறுத்தார்களா, மறுத்திருந்தால் அவர் எழுதிய காரணம் என்ன.